ரெட்டை நாக்கு

குழுவைப் பதிவு செய்யப் போன அன்று
குமாஸ்தா பெயருக்கு அர்த்தம் கேட்டார்.
தோ ஜுபான், என்றேன்.
நல்லாயிருக்கு என்று முத்திரை குத்தினார்.
ரெட்டை நாக்கு தமிழில் வசவு என்பதை
நான் சொல்லவில்லை.
சொல்லாமல் விட்டதும் அந்தப் பெயருக்குப் பொருத்தம்தான்.

லாபநோக்கமற்றது, என்று இன்னொரு படிவம்.
நோக்கம் இருந்திருந்தாலும்
திரிலோக்புரியில் லாபம் எங்கே கிடைக்கப்போகிறது?
கணக்கு நோட்டு என்னிடம்.
நாடக நோட்டும் என்னிடம்,
திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுப்பவன் நான்.
இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் இந்தி,
நடுவில் துருப்பிடித்த பின்.

ஜனவரி. மூடுபனி
சமுதாயக் கூடத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது.
கல்யாண வீட்டார் விட்டுப்போன ஜிகினா
மேடைக்கு மேல் தொங்கியது.
கழற்ற ஏணி வாடகை இருநூறு. தொங்கட்டும் என்றேன்.
முன்னால் விழுப்புரத்துச் சனம்,
பின்னால் பரேலிச் சனம் -
இல்லை, கலந்துதான் உட்கார்ந்தார்கள்.
கோணியில் இடம்பிடிக்கிற அவசரத்தில்
ஜில்லா பார்க்க முடியுமா?

மூன்றாம் காட்சி ஆஸ்பத்திரி.
பூங்காவனம் நோயாளி.
நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு
அதே சேலையில் வந்திருந்தாள், ஒப்பனைச் செலவு மிச்சம்.
புஷ்பேந்தர் டாக்டர், பகலில் பேட்டரி ரிக்‌ஷா.
நடுவில் மொழிபெயர்க்க ஜெயவேல்.
அவள் வலியைப் பத்து வரியில் சொல்வாள்,
அவன் திரும்பி, தர்த் ஹை சாப், என்பான்.
அவ்வளவுதான். சிரிப்பு நிச்சயம்.
அந்த ஒரு சிரிப்புக்காகத்தான் நாடகமே எழுதினோம்.

ஏழேகாலுக்கு ஜெயவேல் போன் செய்தான்.
நொய்டாவில் பதினெட்டாவது மாடி,
டெலிவரி ஆட்களுக்கு லிஃப்ட் கிடையாதாம்,
கையில் யாருடைய பிரியாணியோ.
நீயே சொல்லிடுண்ணே, என்றான்.
என் இந்தி
காகிதத்தில் இருக்கும்வரை நன்றாக இருக்கும்.

பூங்காவனம் தொடங்கிவிட்டாள்.
குத்துது சார். கடுக்குது.
அடிவயித்தப் புடிச்சுப் பிசையுது,
பொறவு விண்ணு விண்ணுன்னு முதுகுல தெறிக்குது.
டாக்டர் பக்கத்தில்
ஒரு ஆள் அளவுக்குக் காலி வெளிச்சம்.
நான் வாயைத் திறப்பதற்குள்
மூன்றாவது கோணியிலிருந்து நஜ்மா எழுந்தாள்,
இஸ்திரி வண்டி நஜ்மா.
ஈரத்துணியை முறுக்குற மாதிரி இருக்காம், என்றாள் இந்தியில்.
கையால் முறுக்கியும் காட்டினாள்.
முறுக்குறதில்ல, பிசையறது, என்று ஒரு குரல்.
ஆட்டா பிசைவது போலவா, என்றார் பரேலிக்காரர்.
விண்ணு விண்ணுக்கு மட்டும் சொல் கிடைக்கவில்லை.
ஆளாளுக்குத் தேடினார்கள்.
ஒரு பையன் கோணியை விலக்கித்
தரையில் விரலால் தட்டிக் காட்டினான்:
டக். டக். டக்.
யாரும் சிரிக்கவில்லை.

பாராசிட்டமால் எழுதித் தர்றேன், அடுத்த ஆள்,
இதுதான் புஷ்பேந்தரின் வசனம்.
அவன், கப் சே, என்றான்.
எப்போதிலிருந்து.
அது இடப்பக்கத்திலும் இல்லை, வலப்பக்கத்திலும் இல்லை.
ஆடியிலேர்ந்து, என்றாள் பூங்காவனம்.
நான் பக்கத்தைப் புரட்டினேன்.
மறுபடியும் புரட்டினேன்.

நாடகம் எப்படி முடிந்தது என்று கேட்காதீர்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குச்
சீட்டு வாங்கும் வரிசையில்
பூங்காவனம், நஜ்மா, தூக்கம் கலையாத ஜெயவேல்.
புஷ்பேந்தரின் ரிக்‌ஷா பாதி வழியில் சார்ஜ் தீர்ந்து
பிறகு ஆட்டோ.
நிஜ டாக்டர் நிமிராமல் என்ன என்றாராம்.
பழக்கதோஷத்தில் ஜெயவேல், தர்த் ஹை, என்று ஆரம்பிக்க
நஜ்மா அவன் காலை மிதித்தாளாம்.

ஸ்கேனுக்குத் தேதி மார்ச்சில்.
ஆட்டோ நூற்றிருபது.
எந்தத் தலைப்பில் எழுதுவது என்று
வெகுநேரம் பேனாவைக் கடித்தேன்.
ஒப்பனைக் கட்டம் காலியாக இருந்தது.
அங்கே எழுதிவைத்தேன்.
தணிக்கைக்காரர் கேட்டால்
எந்த மொழியில் கேட்கிறாரோ
அதில் சொல்லிக்கொள்ளலாம்.